மீன்தொட்டிக்குக் கால்கட்டு

தன் வீட்டில், தான் வாங்கிய ஒரு பொருளாவது தான் வைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாயில் பிரஷ்ஷோடு முடிவு செய்தார். முடிவை உடனே அறிவிக்கவும் செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அது டீச்சர் காதில் "வ்வ்வ்வ" என்று விழுந்தது.

"கொப்பளிச்சுட்டு வந்து சொல்லுங்க," என்றார் டீச்சர்.

கொப்பளித்துவிட்டு வந்தபோது முடிவில் பாதிச் சூடு இறங்கியிருந்தது. அவர் எடுத்த பெரிய முடிவுகள் பலவும் அந்த வாஷ்பேசின் வழியாகத்தான் வெளியே போயிருக்கின்றன.

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். பெட்டியைத் தட்டுவார், அமுக்குவார், மேலே எடை ஏற்றுவார், நனைத்துப் பார்ப்பார், பிடிக்காததைத் தள்ளுவார். பகல் முழுக்க "தள்ளு, தள்ளு" என்று சொல்கிற வாய், வீட்டுக்கு வந்தால் "சரி" என்கிற ஒற்றைச் சொல்லில் பொழுதை ஓட்டிவிடும். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் 'இன்ஸ்பெக்டர் வீடு' என்று கேள்விப்பட்டு, கொஞ்ச நாள் வண்டியை ஒழுங்காக நிறுத்துவார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவர் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

அவர் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். வகுப்பு நிறைய நான்கு வயதுக்காரர்கள். கத்த மாட்டார், மிரட்ட மாட்டார். ஆனால் மணி அடித்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அது எப்படி என்று இன்ஸ்பெக்டர் ஒருநாளும் கேட்டதில்லை. வளர்ந்த ஆளுக்கு அந்த வித்தை எதற்கு என்று இருந்துவிட்டார்.

விவகாரம் மீன்தொட்டியால் வந்தது. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, தன் மேசையையும் எடுத்துக்கொண்டு போனதில் ஹாலில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் அங்கே ஏதோ இருக்கிற மாதிரி ஒதுங்கி நடந்தார். கடைசியில் ஒரு மீன்தொட்டி வாங்கி வந்து வைத்தார். தடித்த கண்ணாடி, நல்ல தொட்டி. ஆசையெல்லாம் தொட்டியிலேயே தீர்ந்துவிட்டதால் அடியில் வைக்கிற ஸ்டாண்டை மட்டும் மலிவாகப் பார்த்து முடித்துவிட்டார். "மரம்தானே?" என்று கேட்டார். "மரம்தான் சார்," என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் பலகையாக இருந்த மரம் இல்லை அது. பலகை அறுக்கும்போது கீழே விழுந்த மரம். மரத்தூளைப் பசை விட்டு அமுக்கி, மேலே வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் அட்டைப்பெட்டிகளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொழிற்சாலையில் கண்ணில் பட்டிருந்தால் ஒரே தட்டில் தள்ளியிருப்பார். கடையில் அவர் கண் மீன்கள் மேல் இருந்தது.

ஆரஞ்சு நிறத்தில் சில மீன்கள், கறுப்பில் ஒன்று. கறுப்புக்குக் கண் இரண்டும் வெளியே பிதுங்கி, எதையோ கண்டுபிடித்துவிட்ட பாவனையில் இருக்கும். அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எல்லாம் கண்ணாடிக்கு ஓடிவரும். அவர் வந்தால் எழுந்து வருகிற ஜீவன்கள் அந்த வீட்டில் அவை மட்டும்தான். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தொழிற்சாலைக் கதையெல்லாம் அவற்றிடம் சொல்வார். அவை வாயைத் திறந்து திறந்து மூடும். டீச்சர் தூரத்திலிருந்து பார்ப்பார்; இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் தரை துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் அந்த மூலையில் நின்றார்.

"என்னங்க, ஸ்டாண்டு உப்பியிருக்கு."

"நல்ல தண்ணி மீன்மா. உப்பு எங்கேருந்து வரும்?"

"ஜோக்கா? இங்க குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். டீயில் ஊறின ரொட்டி மாதிரி அடிப்பக்கம் பருத்து, வெள்ளைத் தாள் உதடு பிதுக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினார். ஈரத் தவிடு மாதிரி கையோடு வந்தது. வாரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டு உறிஞ்சித் தண்ணீர் மாற்றுவார். அப்போது சிந்தினதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கியிருக்கிறது.

"ஏதோ நாலு சொட்டு சிந்தியிருக்கும்," என்றார்.

"நாலு சொட்டுக்கே இந்தக் கதின்னா, மேல ஒரு தொட்டித் தண்ணி நிக்குதே?"

"நிக்கும்."

"அது நிக்கும். ஸ்டாண்டு நிக்குமா? ஒருநாள் தொட்டி, மீன், கண்ணாடி எல்லாம் ஹால்ல நீந்தும். பேசாம யாருக்காவது குடுத்துடலாங்க."

"குடுக்கிறதா? நான் சரி பண்றேன்."

டீச்சர் துடைப்பானை முறுக்கிப் பிழிந்தார். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. இதெல்லாம் உங்களால ஆகாது. விடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்கு விடிய விடியத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும், பிரஷ்ஷோடு, மேலே சொன்ன முடிவு.

முதல் வேலையாகத் தொட்டியைக் காலி செய்தார். மீன்கள் குளியலறைக்குக் குடிபோயின. இருந்த பக்கெட் இரண்டிலும் மீன். காற்றுக்குழாய் இரண்டிலும் மாறி மாறிக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்கக் கணவனும் மனைவியும் சமையல் குண்டானில் தண்ணீர் பிடித்துக் குளித்தார்கள். மேனேஜர் பக்கெட்டிலிருந்து குண்டுக் கண்ணால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால், இன்ஸ்பெக்டர் முதல்நாள் துண்டைக் கட்டிக்கொண்டே குளித்தார்.

ஸ்டாண்டை ஹால் நடுவில் குப்புறக் கவிழ்த்து வைத்தபோது எதிர்வீட்டுக்காரர் டிரில் மிஷினோடு வந்தார். வண்டி ஓட்டத் தெரியுமா என்று சோதித்து லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் பெயரே லைசென்ஸ். வேலை பார்த்த காலமெல்லாம் கற்றுக்குட்டிகளின் பக்கத்து சீட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அதனால் எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் ஒரு கைப்பிடியைத் தேடுவார்.

"சார், மிஷின். டீச்சரம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க," என்றார், கதவைப் பிடித்துக்கொண்டு.

"அவளா சொன்னா? அவ தொட்டியையே குடுத்துடலாம்னு சொன்னவளாச்சே?"

லைசென்ஸ் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் தப்பாக் கேட்டிருப்பேன்."

தரம் பார்ப்பவருக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தொழிலில் அவர் சந்தேகப்பட்டதெல்லாம் பெட்டிகளைத்தான், ஆட்களை அல்ல.

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்பினதுக்கு உப்புத்தாள் என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க உப்பல் இறங்கவில்லை; பலகைதான் இறங்கியது. அரை மணியில் மடி நிறைய மரத்தூள். தும்மினார். பலகையில் ஒரு பள்ளம் தெரிந்தது.

டீச்சர் சோபாவில் உட்கார்ந்து வகுப்புக்குக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கரையுது போலிருக்கே?"

"ஊறின பாகம் ஊறினதுதான். பழையபடி ஆகாது. வெட்டித்தான் எடுக்கணும்."

"ஐயோ, வெட்டினா உயரம் குறைஞ்சுடுமே!"

"குறைஞ்சா என்ன? அடியில கெட்டி மரத்துல கட்டை கொடுப்பேன். அதுக்கும் கீழே ரப்பர். இனிமே தரையில கடலே வந்தாலும் பலகை நனையாது."

"எவ்வளவு உயரம் வரும்?"

"நீ சொல்லு."

டீச்சர் எழுந்து வந்து, இடுப்புக்குக் கீழே கையைக் கவிழ்த்துக் காட்டினார். "தொட்டியோட நடுப்பாகம் இங்க வரட்டும். நீங்க தரையில உட்கார்ந்துதானே பார்க்கறீங்க?" பல வருஷமாக ஒரே உயரத்தில் தலைகளைத் தடவிப் பழகின கை அது. தானாகவே அங்கே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டார். மனைவி தன் சௌகரியத்தை நினைக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரு நெகிழ்ச்சிகூட வந்தது.

வெட்டினார். கட்டை கொடுத்தார். அடுத்த நாள் ஆபீசிலிருந்து வந்ததும் பூச்சு வேலை ஆரம்பமானது. தண்ணீர் ஏறாத வார்னிஷ் டப்பாவைத் திறந்ததும் வீடே கிறுகிறுத்தது. டீச்சர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்தார்.

"மீனுக்கு வாசம் ஆகாது," என்றார்.

"எனக்கு?"

"நீங்க ஜன்னல்கிட்ட உட்காருங்க."

இன்ஸ்பெக்டர் பிரஷ்ஷால் சுட்டிக்காட்டிப் பாடம் எடுத்தார். "இங்க பாரும்மா. மேல ஒட்டின தாளுக்குள்ள தண்ணி போகாது. வெட்டின ஓரம் இருக்கே, அதுதான் வாய். திருகாணி போன ஓட்டை, பின்பக்கம், அடிப்பக்கம், எல்லாம் வாய். அது வழியாத்தான் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. வாயை அடைச்சுட்டா முடிஞ்சது."

"அதுக்கு மருந்து இருக்கா?" என்றார் டீச்சர் ஆவலோடு, அவரையே பார்த்து.

இன்ஸ்பெக்டர் ஓரங்களை அடைத்தார். முதல் பூச்சை மரத்தூள் குடித்துவிட்டது. காயவிட்டு, லேசாகத் தேய்த்து, மறுபடி பூசினார். அதற்கும் மேலே இன்னொரு கை. உள்மூலைகளில் சிலிகான் பிதுக்கி விரலால் வழித்தார். வாழ்க்கையில் எத்தனையோ விஷயங்களைப் பூசி மெழுகியவர், இந்த ஒன்றைத்தான் நிஜமாகவே பூசினார்.

பின்பக்கம் அட்டைதான் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அதைக் கழற்றியதும் ஸ்டாண்டு இடதும் வலதும் சாய்ந்து தலையாட்டியது. அட்டைக்குப் பதில் ப்ளைவுட் வந்தது. உள்ளே மூலைகளுக்கு இரும்புப் பட்டைகள் வந்தன. அதிலும் ஆசை அடங்கவில்லை.

"இப்ப என்ன பண்றீங்க?"

"குறுக்கே ஒரு சட்டம் போடறேன்."

"சட்டம் போடற அளவுக்கு ஆயாச்சா?"

"இந்த வீட்டுல நான் போடற ஒரே சட்டம் இதுதான்மா."

"அதுவும் குறுக்கே." டீச்சர் காகிதப் பூவுக்குக் காம்பு ஒட்டினார். "கல்யாணம் ஆன நாளிலேருந்து என்னை ஒருநாள் இப்படித் தாங்கியிருப்பீங்களா?"

"நீ ஆடவே இல்லையேம்மா. ஆடியிருந்தா தாங்கியிருப்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு வேறு குறை எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் சோபாவிலிருந்து அடுத்தது வந்தது.

"மூலையெல்லாம் கூரா இருக்கே. யாராவது முட்டிக்கிட்டா?"

"யாரும்மா முட்டுவா? என் முழங்காலைத் தாண்டித்தான் இருக்கு."

"முழங்கால்னா பரவாயில்லையா? நெத்தின்னா வேற."

"முழங்கால் உயரத்துக்கு யாரோட நெத்தி வரும்?"

"நான் சும்மா சொன்னேன். மரத்தூள் பலகையில மூலையை உருட்டறது ரொம்பக் கஷ்டமாம். பிசிறு பிசிறா வருமாம். வேண்டாம், விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் அரத்தை எடுத்தார். எல்லா மூலையும் கூழாங்கல் மாதிரி உருண்டது. மறுபடி வார்னிஷ். அதன்மேல் ரப்பர் பட்டை.

அடுத்த நாள்:

"கீழ் அலமாரிக்குப் பூட்டு இல்லையா?"

"எதுக்குப் பூட்டு? உள்ளே மீன் தீனியும் மருந்தும்தானே? நம்ம ரெண்டு பேர்ல யாரு அதை எடுத்துத் திங்கப் போறா?"

டீச்சர் அவரை ஒருமுறை பார்த்தார். "கண்ணாடி போடாம நீங்க எந்த டப்பாவைத் திறப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

முன்பு ஒருமுறை ஷேவிங் கிரீமில் பல் தேய்த்தவர் அவர். பூட்டு வந்தது. சாவியை நூலில் கட்டிப் பெருமையாக ஆட்டிக் காட்டினார்.

பிறகு வண்ணம்.

"வெள்ளைத் தாள் உரிஞ்ச இடம் அசிங்கமா இருக்குங்க. மேல பெயிண்ட் அடிச்சுட்டா தண்ணிக்கும் காப்பு."

"பழுப்பு அடிக்கறேன்."

"மஞ்சள்."

"ஹாலுக்கு மஞ்சளா?"

"மஞ்சள் பளிச்சுன்னு இருக்கும். ஆனா சமமா வராது. திட்டுத் திட்டா நிக்கும்னு பெயிண்டரே பயப்படுவாராம். உங்களுக்கு எதுக்கு வம்பு, பழுப்பே அடிங்க."

மஞ்சள் டப்பா வந்தது. இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு வழிசல் இல்லை. டிரில் மிஷினைத் திரும்ப வாங்கிப்போக வந்த லைசென்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார், இது என்ன ஸ்கூல் பஸ் மாதிரி..."

"அண்ணா! காபி ஆறுது, உள்ள வாங்க!" என்று சமையலறையிலிருந்து டீச்சர் குரல் பாய்ந்து வந்தது. லைசென்ஸ் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். காபி அப்போதுதான் அடுப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. இன்ஸ்பெக்டர் அலுவலகச் சட்டையையே போட்டுக்கொண்டார். முதலில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். அசையவில்லை. தட்டினார், அமுக்கினார், காதை வைத்துக் கேட்டார். ஒரு முனகல் இல்லை.

"மூட்டை சும்மா உட்கார்ந்திருக்கும்," என்றார் டீச்சர். "ஆடினாத்தான் தெரியும். நீங்க ஏறி நில்லுங்க."

ஏறினார்.

"அண்ணா, நீங்களும்."

"நானுமா?" லைசென்ஸ் கைப்பிடியைத் தேடினார். கிடைக்காததால் இன்ஸ்பெக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இரண்டு பெரிய மனிதர்கள், இருவருக்கும் தலையில் நரை, மஞ்சள் ஸ்டாண்டின் மேல் ஒட்டி நின்றார்கள்.

"இப்ப குதிங்க."

"குதிக்கணுமா?"

"ஒத்தைக் கால்ல."

குதித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஆடியது. ஸ்டாண்டு ஆடவில்லை.

"ஒருத்தரை ஒருத்தர் தள்ளிப் பாருங்க."

"இது எதுக்கும்மா? மீன் வந்து தள்ளுமா?"

"தள்ளுங்க, சொல்றேன்."

இன்ஸ்பெக்டருக்குத் தள்ளிப் பழக்கம். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டார்.

"டீச்சரம்மா, இவர் தள்ளறார்!" என்று லைசென்ஸ் கத்தினார்.

"சண்டை போடாம இறங்குங்க ரெண்டு பேரும். மெதுவா. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்."

இருவரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் இறங்கினார்கள். அப்படி இறங்கியது இருவருக்குமே வினோதமாகப் படவில்லை.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. டீச்சரே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் தலையில் கவிழ்த்தார். அது வழிந்து, மூலைகளில் தயங்கி, முத்து முத்தாகத் தரையில் இறங்கியது. துடைக்கக் கூடாது என்று உத்தரவு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு ஓரங்களை நகத்தால் நெருடினார். கல் மாதிரி இருந்தது. அவருக்குக் கண் லேசாகக் கலங்கியது. வார்னிஷ் வாசமாகவும் இருக்கலாம்.

"பாஸ்," என்றார் டீச்சர்.

பணிக்காலம் முழுக்க ஒருவரையும் முதல் தடவையில் பாஸ் போடாத லைசென்ஸ், இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னிக்கே தொட்டியை ஏத்திடறேன்," என்று இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்தார்.

"பெயிண்ட் வாசம் போகட்டுங்க. என்ன அவசரம்?" என்றார் டீச்சர். சொல்லி முடிக்கும்போது போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினார். "எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். உங்ககிட்டதான் பேசணுமாம்."

"என்கிட்டயா?"

"சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல," என்றது போன். கண்டிப்பும் கனிவும் கலந்த குரல். எழுந்து நிற்கத் தோன்றும் குரல். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

"எதுக்குங்க?"

"டீச்சர் எல்லாம் சொன்னாங்க சார். புதுசா சேர்ற குழந்தைங்க அம்மாவை நினைச்சு அழுதுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது வேணும்னு நீங்களா யோசிச்சு, ஒரு வாரமா உட்கார்ந்து..."

"நானா?"

"முட்டிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு மூலையும் உருட்டினீங்களாமே! மருந்தை எடுத்துடக் கூடாதுன்னு பூட்டு! அவங்க கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி உயரம்! அதுக்கும் மேல, மஞ்சள்! அதை யார் சார் யோசிப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தார். உருண்ட மூலை. பூட்டு. உயரம். மஞ்சள். எந்தப் பெட்டியின் எந்த ஓட்டையையும் தப்பவிடாத கண் அப்போதுதான் திறந்தது.

டீச்சர் சோபாவில் காகிதப் பூக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் ஒன்றும் இல்லை.

'அம்மா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் போன் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டது.

"இத்தனை வருஷத்துல எங்க ஸ்கூலுக்கு இப்படி யாரும் செஞ்சதில்லை சார். கைத்தொழில் தெரிஞ்சவங்க இருக்காங்க. மனசு இருக்கிறவங்க இருக்காங்க. ரெண்டும் சேர்ந்து..."

இன்ஸ்பெக்டரின் தொழிலில் யாரும் அவரைப் புகழ்ந்ததில்லை. தள்ளப்பட்ட பெட்டிக்காரர்கள் வைதிருக்கிறார்கள். தேறின பெட்டிக்காரர்கள் பேசாமல் போயிருக்கிறார்கள். காதுக்குள் இப்படித் தேன் விட்டு அவருக்குப் பழக்கமே இல்லை.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லீங்க," என்று தன் குரல் சொல்வதைக் கேட்டார். "குழந்தைங்கன்னா எனக்கு..."

போனை வைத்தார். குளியலறையில் குமிழ் விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டிரில் மிஷினை அப்புறம் வாங்கிக்கறேன்," என்று லைசென்ஸ் கழன்றுகொண்டார்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேட்டேனே. போன வருஷம் ஸ்கூலுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு செஞ்சு குடுங்கன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"பார்க்கலாம்னீங்க. இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டின் மேல் கை வைத்தார். வழவழவென்று இருந்தது. "என் மீனுங்களை நான் எப்பப் பார்க்கிறது?"

டீச்சர் பூக்களைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "சனிக்கிழமை ஸ்கூல் லீவு. நிதானமா வந்து உட்கார்ந்து பேசுங்க. தண்ணி மாத்துங்க, தீனி போடுங்க. சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

அந்த வேலையையும் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த வாரமே ஒருநாள் காலையில் லீவு போட்டார். சின்ன வேன் ஒன்றை லைசென்ஸ் ஓட்டி வந்தார். மஞ்சள் ஸ்டாண்டு, தொட்டி, மூடி போட்ட பக்கெட்டுகள், பக்கெட்டை அணைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். திரும்பாத இடத்திலும் திரும்பும் விளக்கைப் போட்டார். அவ்வளவு செய்தும் பள்ளிக்கூடக் கேட்டில் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டார். அவர் கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் ஜன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் ஸ்டாண்டு உறைக்குள் கத்தி மாதிரிப் போய் உட்கார்ந்தது; இந்தப் பக்கம் ஒரு விரல் இடைவெளி, அந்தப் பக்கம் ஒரு விரல் இடைவெளி. டேப் பிடித்தவர் தான் மட்டும் இல்லை என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது. தொட்டியை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, மீன்களை ஒவ்வொன்றாக விட்டார்.

வாசலில் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, அழுதுகொண்டிருந்தாள். அழுகை நடுவில் ஒரு இடத்தில் நின்றது. கம்பியை விட்டாள். மெல்ல வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தாள். மேனேஜரும் அந்தப் பக்கமிருந்து வந்தது. இரண்டு குண்டுக் கண்கள் இரண்டு குண்டுக் கண்களைப் பார்த்தன. உயரம் கச்சிதமாக இருந்தது.

"அங்கிள், இதுக்கு என்ன பேரு?"

"மேனேஜர்."

"மேனேஜர்னா?"

"எல்லாரையும் வேலை வாங்கறவர்."

"எங்க மிஸ் மாதிரியா?"

"அதே," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிள்ளைகள் தொட்டியை மொய்த்துக்கொண்டதால் அவருக்கு நிற்க இடமில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி வெளியே வந்துவிட்டார். வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தார். அவ்வளவாக வரவில்லை. மைதானத்து ஓரத்தில் ஒரு மர ஊஞ்சல் கயிறு கட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. காற்று அடித்ததற்கே ஒரு பக்கம் சாய்ந்து முனகியது.

டீச்சர் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஊஞ்சலைப் பார்த்தார்கள்.

"பாவம்," என்றார் டீச்சர். "மண்ணுக்குள்ள இருக்கிற கால் மழையில ஊறிப் போச்சாம். பிரிச்சு விறகுக்குப் போட்டுடப் போறாங்க. இனிமே யார் வந்தாலும் ஒண்ணும் ஆகாதாம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். இந்த 'பாவம்' தெரியும், இந்த 'ஆகாது' தெரியும், அதைச் சொல்லும்போது வேறு எங்கோ பார்க்கிற அந்தப் பார்வையும் தெரியும். இனிமேல் இந்தப் பாச்சா என்னிடம் பலிக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஊறின காலை மட்டும் வெட்டிட்டு இரும்புக்கால் கொடுத்துடலாமே," என்றது வாய்.